பதினான்கு நாள் கெடு: வணிக அறம் பற்றிய விடைகளும் ராயகிரிக் கரும்பும்

லாபத்துக்காகத் தொழில் நடத்துபவருக்கு லாபத்தைத் தாண்டிய கடமை உண்டா? உண்டென்றால் யாருக்கு, எவ்வளவு? அதை நிறைவேற்ற வைப்பது யார்? கேள்வி பழையது. சங்க இலக்கியம் முதல் கம்பெனிச் சட்டம் வரை பலரும் விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்த விடைகளில் பெரும்பாலானவை துறைமுகப் பட்டினத்திலோ பெருநகர அலுவலகத்திலோ பிறந்தவை. இக்கட்டுரை அவற்றை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நிறுத்திப் பார்க்க முயல்கிறது.

ராயகிரி ஒரு பேரூராட்சி. முன்பு சங்கரன்கோவில் வட்டத்து ஊராகச் சொல்லப்பட்டது. இன்று தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம். பக்கத்தில் சிவகிரியும் வாசுதேவநல்லூரும், சற்றுத் தள்ளி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியும் இருக்கின்றன. நெல், தென்னை, எலுமிச்சையோடு கரும்பும் இந்தப் பகுதியின் பணப்பயிர். வாசுதேவநல்லூரில் தரணி சர்க்கரை ஆலை வந்தபின் சுற்றுவட்டார விவசாயிகள் பலர் கரும்புக்கு மாறினர். 2018–19ஐ ஒட்டிய பருவங்களில் வெட்டி அனுப்பிய கரும்புக்குப் பணம் வராமல், நிலுவை கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தனர். ஆலையில் அரவை நின்றது. நிறுவனமும் திவால் நடைமுறையைச் சந்தித்தது. தமிழகச் சர்க்கரைத் தொழிலின் நெருக்கடியில் இது ஒரு பகுதி மட்டுமே என்றாலும், வணிக அறம் பேசுபவர்கள் எடுத்துப் பார்க்க வேண்டிய எல்லாச் சிக்கல்களும் இதற்குள் இருக்கின்றன.

ஓர் ஏக்கர்க் கணக்கு

தத்துவங்களுக்குப் போகுமுன் கரும்பு விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நெல்லைப் போலவோ எலுமிச்சையைப் போலவோ கரும்பை எந்தச் சந்தைக்கும் கொண்டுபோய் விற்க முடியாது. விவசாயி ஆலையில் பதிவு செய்துகொள்கிறார். பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். உத்தரவு தாமதமானால் கரும்பு பூத்துவிடும், காய்ந்துவிடும், எடை குறையும். வெட்டியபின்போ ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும். இல்லையேல் சர்க்கரைச் சத்து இறங்கும். எடை போடுவது ஆலையின் எடைமேடையில். பிழிதிறனை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் சதவீதத்தைக் கணக்கிடுவதும் ஆலையே. எந்த வயல் எந்த ஆலைக்கு என்பதை அரசு ஒதுக்குகிறது. நினைத்தபடி ஆலையை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆக, சரக்கைக் கொடுக்கும் நொடியிலேயே விவசாயியின் பேரம் பேசும் பலம் போய்விடுகிறது.

இதை அறிந்துதான் 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஒரு கெடுவை வைத்தது. கரும்பு ஆலைக்கு வந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அப்போதும் தராவிட்டால், நில வரிப் பாக்கியை வசூலிப்பதுபோல ஆட்சியர் வசூலிக்கலாம்.

2018–19 பருவத்தில் மத்திய அரசின் நியாய ஆதாய விலை 10 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 275 ரூபாய், 9.5 சதவீதமும் அதற்குக் குறைவும் என்றால் 261.25 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் விளைந்ததாக வைத்துக்கொண்டால், குறைந்த விலையிலேயே 1,04,500 ரூபாய் வர வேண்டும். ஒரு வருடத் தாமதத்துக்குச் சட்டப்படி வட்டி மட்டும் 15,675 ரூபாய். அந்த வட்டி எத்தனை பேர் கைக்கு வந்தது என்பது வேறு கதை. அசலுக்கே போராட்டம் நடக்கும் இடத்தில் வட்டி பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது. இதற்கிடையில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனுக்கும் அடகில் இருக்கும் நகைக்கும் வட்டி நாள் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஆலையின் நடைமுறை மூலதனத்துக்கு விவசாயி வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்பதே இந்தக் கணக்கின் பொருள். கடன் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

மகமையும் அதன் எல்லையும்

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடை, வணிகரின் நடுவுநிலைமை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் இருந்தனர் என்று பட்டினப்பாலை பேசுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்கிறது குறள். ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற வணிகக் குழுக்கள் கோயிலுக்கும் ஏரிக்கும் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவற்றில் எவ்வளவு நடப்பு, எவ்வளவு புகழ்ச்சி என்று பிரித்தறிவது கடினம்.

ராயகிரிக்குக் கொஞ்சம் வடக்கே, விருதுநகர், சிவகாசி, கமுதி வட்டாரத்தில் இதற்கு உறுதியான நிறுவன வடிவம் கிடைத்தது: நாடார் உறவின்முறைகளின் மகமை. வணிகத்துக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். அந்த நிதி பேட்டை, கிணறு, கோயில், பள்ளி என்று செலவானது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் எழுந்த பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டியும் நடத்தப்பட்ட அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். நாடார் சமூகத்தை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் போன்றோர் இந்த நிதியை அச்சமூகத்தின் எழுச்சிக்கு அடித்தளமாகவே கண்டனர். 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த ஒரு சமூகத்துக்கு மகமை வெறும் தர்மம் அல்ல, தற்காப்பும்கூட.

இந்த மாதிரியின் பலம், அது லாபத்தைப் பார்த்து எடுக்கப்படவில்லை என்பது. சரக்கு நகர்ந்தால் மகமை விழுந்தது. நட்டக் கணக்குக் காட்டித் தப்பிக்க முடியாது. இன்றைய கம்பெனிச் சட்டத்தில்கூட இல்லாத கண்டிப்பு அது. பலவீனமும் வெளிப்படை. நிதியின் முதல் பயனாளி அந்தந்தச் சமூகம்தான். மகமைச் சுமை கடைசியில் சரக்கை விற்ற விவசாயியின் விலையிலோ வாங்கியவரின் விலையிலோ சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. கொடை கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். கொடைக்கு மூலமான சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றவர் பெயர் எங்கும் நிற்காது.

தர்மகர்த்தா முதலாளி

ஆலைகள் வந்தபோது கேள்வியின் உருவம் மாறியது. காந்தியின் விடை, செல்வந்தர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், தர்மகர்த்தா மட்டுமே என்பது. தமிழகத்தில் இதை மெய்ப்பிக்க எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 1926இல் கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பம் சொத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்கென்றே பிரித்து வைத்தது. காரைக்குடியின் அழகப்பச் செட்டியார், சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் என்று பட்டியல் நீளும்.

அம்பேத்கர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. முதலாளியின் மனமாற்றத்தில் தொழிலாளியின் உரிமையை அடகு வைப்பதாகவே அவர் இதைப் பார்த்தார். அந்த விமர்சனத்துக்கு நெல்லைச் சீமையிலேயே முன்சான்று உண்டு. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்றவர் வ.உ.சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அவரே ஒரு தொழில்முனைவர்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சலுகை வந்தது நிர்வாகத்தின் பெருந்தன்மையால் அல்ல, சில நாள் ஆலை நின்றதால்.

பிந்தைய வரலாறும் இதையே சொல்வதாகத் தோன்றுகிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தை உழைப்பு குறையத் தொடங்கியதற்கு 1986ஆம் ஆண்டுச் சட்டமும், எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்தச் சொன்ன தீர்ப்பும், பள்ளிச் சத்துணவும், செய்தித்தாள்களின் அழுத்தமும் சேர்ந்தே காரணம். இவற்றில் எது எவ்வளவு என்று அளந்து சொல்வது எளிதல்ல. தானாக மனம் மாறியதே பெரும் காரணம் என்று வாதிட மட்டும் ஆதாரம் குறைவு.

சட்டத்துக்குட்பட்ட லாபம் போதும்

எதிர்முனை விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1953இல் ஹோவர்ட் போவென் தொழிலதிபரின் சமூகப் பொறுப்புகள் பற்றி நூல் எழுதி அந்தச் சொல்லாடலுக்குப் புத்துருவம் தந்தார். 1970 செப்டம்பரில் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் நியூயார்க் டைம்ஸ் இதழில் அதைக் கடுமையாக மறுத்தார். நிர்வாகி செலவழிப்பது பங்குதாரரின் பணம். அதை நல்ல காரியத்துக்குத் திருப்ப அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நிறுவனத்தின் பொறுப்பு விதிகளுக்குள் நின்று, ஏமாற்றாமல் லாபத்தைப் பெருக்குவது. மற்றதை அரசும் தனிமனிதரும் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தியாவில் ஃபிரீட்மனைக் கருணையில்லாதவராகக் காட்டுவது வழக்கம். அவர் எழுப்பிய கேள்விக்கு எடை உண்டு: தேர்ந்தெடுக்கப்படாத நிர்வாகி ஊருக்கு எது நல்லது என்று தீர்மானிக்கலாமா? ஆனால் அவருடைய வாதம் 'விதிகளுக்குள்' என்ற நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. அந்த நிபந்தனையை ராயகிரிப் பக்கம் கொண்டுவந்தால் விசித்திரமான முடிவு கிடைக்கிறது. 14 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. அதை மீறிய நிலுவை, வணிகத்தின்மீது மிகக் குறைவான கடமையைச் சுமத்தும் இந்தக் கோட்பாட்டிலேயே தவறாகிவிடுகிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தாராளமான அறக்கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

ஆலைகளின் தரப்பையும் கேட்க வேண்டும். கரும்பு விலையை அரசு நிர்ணயிக்கிறது. சர்க்கரை விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. 2018இல்தான் சர்க்கரைக்குக் கிலோவுக்கு 29 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலை வந்தது. 2019இல் அது 31 ஆனது. இதற்கிடையில் தமிழகத்தில் தொடர்ந்து வறட்சி. 2011–12இல் 20 லட்சம் டன்னைத் தாண்டிய மாநிலச் சர்க்கரை உற்பத்தி 2017–18இல் அதில் பாதிக்கும் கீழே போனது. அரைக்கக் கரும்பில்லாத ஆலைக்கு நிலையான செலவுகள் மட்டும் நிற்கவில்லை. 'கொடுக்க மனமில்லை' என்பதற்கும் 'கொடுக்க இயலவில்லை' என்பதற்கும் வேறுபாடு உண்டு என்ற இந்த வாதம் புறந்தள்ளத்தக்கதல்ல. எனினும் நெருக்கடியில் வங்கி, ஊழியர், விவசாயி ஆகியோரில் யாருடைய பணத்தை முதலில் நிறுத்தி வைப்பது என்பது நிர்வாகம் எடுக்கும் முடிவு. வறட்சி அதை எடுப்பதில்லை.

யார் யாருக்குப் பங்கு

1984இல் எட்வர்ட் ஃபிரீமன் முன்வைத்த பங்காளர் கோட்பாடு, நிறுவனத்தால் பாதிக்கப்படும் எல்லோரையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. தொழிலும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா.வின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதை நெருங்கியவை. இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களைப் பொறுப்பு அறிக்கை தரச் சொல்கிறது.

எல்லோரையும் கணக்கில் எடு என்பது சரி. மோதல் வந்தால் யாருக்கு முன்னுரிமை? கோட்பாடு இங்கே தயங்குகிறது. கரும்பில் இது இன்னும் சிக்கல். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து தோட்டத்திலேயே குடிசை போட்டுத் தங்கும் வெட்டுக் கூலிகளுக்கு முதலாளி யார்? ஆலையா, மேஸ்திரியா, விவசாயியா? வெட்டுக்கூலி விவசாயியின் கணக்கில் விழுகிறது. ஆள் அனுப்பும் ஏற்பாட்டில் ஆலைக்கும் கை இருக்கிறது. பாதிக்கப்பட்டவராக ஆட்சியர் முன் நிற்கும் அதே விவசாயி, வெட்டுபவர் முன் கூலி கொடுக்கும் தொழில்முனைவர். ஆழ்துளைக் கிணற்றால் பக்கத்துத் தோட்டத்து நீரை இழுப்பவரும் அவராக இருக்கலாம். இந்த அடுக்கை விவசாயச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. வணிக அறம் பேசும் நூல்களும் அப்படித்தான்.

இரண்டு சதவீதம்

இந்தியா தேர்ந்த வழி, உலகில் அரிதானது: பொறுப்பைச் சட்டமாக்கியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். முதலில் செலவிடு, அல்லது காரணம் சொல் என்றிருந்தது; பின்னால் திருத்தங்கள் வந்து செலவாகாத தொகையைத் தனிக் கணக்கிலோ அரசு நிதியிலோ செலுத்தச் சொல்லின.

பள்ளிக் கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பு, குடிநீர்த் தொட்டி, ஏரித் தூர்வாரல் என்று இதனால் வந்த பயன்களை மறுக்க முடியாது. ஆனால் சட்டம் எதை விலக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கமான தொழில் நடவடிக்கை இதில் சேராது. வேறு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டியதும் சேராது. விலக்கு நியாயமானதே, கூலி கொடுத்ததைத் தர்மக் கணக்கில் எழுத விடக் கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவு, விவசாயிக்குக் கெடுவுக்குள் பணம் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் 'சமூகப் பொறுப்பு' ஆகாமல் போவது. லாபத்தில் இருந்துகொண்டு சப்ளையருக்கு இழுத்தடிக்கும் நிறுவனம் ஊரில் குடிநீர்த் தொட்டி கட்டி ஆண்டறிக்கையில் படம் போடலாம். நட்டத்தில் இருக்கும் ஆலைக்கோ இரண்டு சதவீதமும் இல்லை. தென்மாவட்டக் கிராமங்களில் உண்மையில் தொழில் நடத்தும் கமிஷன் கடை, விசைத்தறிக் கூடம், செங்கல் சூளை போன்றவை இந்த வரம்புகளுக்கு எங்கோ கீழே இருக்கின்றன.

தாமதம் என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அது கரும்போடு நிற்பதல்ல என்பது தெரியும். நூற்பாலைகளில் இருந்த சுமங்கலித் திட்டம் தென்மாவட்டத்து இளம்பெண்களை மூன்றாண்டு வரை வேலை வாங்கி, ஊதியத்தின் ஒரு பகுதியை முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொன்னது; இடையில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்ற புகார்கள் எழுந்தன. 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகளின் அறிக்கை வெளிவந்தபின்தான் வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கேள்வி கேட்டன. கரும்புக்கும் இதற்கும் ஒரே அமைப்பு: பலவீனமானவரின் பணம் பலமானவரிடம் தங்குகிறது. சிறுதொழில்களுக்கு இந்த நோயைச் சட்டம் ஓரளவு அடையாளம் கண்டுவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2023இல் வருமான வரிச் சட்டத்திலும் அதற்கு ஒரு பிடி வைத்தார்கள். பயிர்த்தொழில் அந்த வரையறைக்குள் வரவில்லை.

விவசாயியே ஆலைக்கு உரிமையாளரானால்

கூட்டுறவு ஆலைகள் இக்கேள்விக்கு வேறொரு விடை. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் ஏமாற்ற ஆளில்லை என்பது அதன் எளிய தர்க்கம். குஜராத்துப் பாலில் அது பலித்தது. தமிழகச் சர்க்கரையில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை அரவையின்றி நின்றதும், அதைத் திறக்கக் கோரி விவசாயிகள் போராடியதும் தெரிந்ததே. பங்கு விவசாயியுடையது, கட்டுப்பாடு அதிகாரிகளுடையது என்ற நிலை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வறட்சியும் பழைய இயந்திரங்களும் மற்றவை. உடைமை மாறினால் அறம் தானாக வரும் என்று கொள்ள இந்த அனுபவம் இடம் தரவில்லை.

ஆலையும் விவசாயியும் லாபத்தையும் நட்டத்தையும் பகிரும் யோசனையும் உண்டு. 2012இல் ரங்கராஜன் குழு வருவாய்ப் பகிர்வைப் பரிந்துரைத்தது. தமிழகம் 2018இல் அதற்குச் சட்டம் இயற்றி, மத்திய விலைக்கு மேல் அறிவித்துவந்த மாநிலப் பரிந்துரை விலையைக் கைவிட்டது. ஆலைகள் வரவேற்றன. விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. ஆலையின் கணக்கை யார் சரிபார்ப்பது என்ற அவர்கள் கேள்விக்கு இன்னும் திருப்தியான பதில் இல்லை.

தீராமல் இருப்பவை

மேலே பார்த்த விடைகளில் பெரும்பாலானவை, வந்த லாபத்தை என்ன செய்வது என்பதைச் சுற்றியே நகர்கின்றன. மகமை, தர்மகர்த்தா முறை, இரண்டு சதவீதம் எல்லாமே ஏதோ ஒரு பங்கு பற்றியவை. யாருடைய பணத்தை எவ்வளவு காலம் கையில் வைத்துக்கொண்டு அந்த லாபம் உருவானது என்பதை அவை அதிகம் கேட்டதில்லை. இந்தப் பகுதியின் அனுபவம் காட்டும் இடைவெளி அதுதான் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஒரு பயிரை, ஒரு வட்டாரத்தை வைத்துச் சொல்வது என்பதால் அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை ஏற்றாலும் கடினமான சில கேள்விகள் மிஞ்சுகின்றன. முதலாவது திவால் சட்டம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடன் தீர்வுத் திட்டத்துக்கு வாக்களிப்பது நிதிக் கடன் கொடுத்தவர்கள், அதாவது பெரும்பாலும் வங்கிகள். கரும்பு கொடுத்தவர் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர் வரிசையில் வருகிறார். ஆலையைக் கலைத்துப் பணம் பிரிக்கும்போது அந்த வரிசை வெகு பின்னால். 1966 ஆணை அவருக்குத் தந்த அவசரத்தைப் பிந்தைய சட்டம் பெருமளவு கரைத்துவிட்டது. அவரை முன்னுக்குக் கொண்டுவந்தால் வங்கிகள் சர்க்கரை ஆலைகளுக்குக் கடன் தரத் தயங்கும், அதனால் அடுத்த பருவக் கரும்பே பாதிக்கப்படும் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் விவசாயிகள் பெயரிலேயே ஆலை வங்கிக் கடன் வாங்கியதாக எழுந்த புகாரும், 2022 முதல் நடந்த தொடர் போராட்டமும், வங்கிகளின் பொறுப்பையும் இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன.

இரண்டாவது, அரசின் பங்கு. விலையை நிர்ணயித்து, வயலை ஒதுக்கி, கெடுவையும் வகுத்தபின், வசூலிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால், அறத் தவறு ஆலையுடையது மட்டும்தானா? வெட்டுக் கூலிகளின் கேள்வி மூன்றாவது. அதற்கு இதுவரை விடையென்று சொல்லத்தக்க வரைவுகூட இல்லை. ஆலையிடமிருந்து 14 நாளில் பணம் கேட்கும் விவசாயி, தன் தோட்டத்தில் வெட்டியவருக்கு எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்பதைக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லவில்லை.